ஒருநாள் விட்டு ஒருநாள்

அன்புத் தம்பி,

போன வாரம் நீ குளுவாங் வந்தபோது, காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்துக் கிடந்தாயே, ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருபது நிமிடம். கேட்டதற்கு, "யாரும் கூப்பிடாத இடத்துல கொஞ்ச நேரம் இருக்கலாம்னு தோணுச்சுக்கா" என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பகலில் பாசிர் கூடாங்கில் கிடங்கு வேலை, ராத்திரி பன்னிரண்டு வரை கிராப் வாடகைக் கார் ஓட்டம். 2023 ஜனவரியில் நம் மலேசியச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலையை 45 ஆகக் குறைத்தது. அந்த மூன்று மணி நேரமும் உன் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. "இன்னும் ரெண்டே வருஷம்க்கா" என்கிறாய். பாப்பா பாலர் பள்ளியில் சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னாய். இப்போது அவள் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போனது ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பத்து வயது. அம்மா திரும்புவதற்குள் கத்தியை அழுத்தி இழுத்துவிட்டாய். அம்மா திட்டவில்லை. உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், நாலு மரம் தள்ளி நின்ற கிழட்டு மரத்தில் புடைத்திருந்த முண்டைத் தடவச் சொன்னாள். எவரோ எப்போதோ பட்டையைத் தாண்டி வெட்டிய காயம் அது. அந்த முண்டின்மேல் கத்தி ஓடாது.

பட்டையைத்தான் சீவ வேண்டும், அதுவும் மெல்லிசாக. இன்று வெட்டிய மரத்தை நாளை தொடமாட்டார்கள். ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம் போவார்கள். சீவிய பக்கம் பட்டை கட்டிக்கொள்ள வருடக்கணக்கில் விட்டுவைப்பார்கள். ஓய்வே கொடுக்காமல் வெட்டினால் பட்டை காய்ந்து சொட்டுப் பால் வராது. அண்ணாந்து பார்த்தால் இலையெல்லாம் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும், தம்பி. கத்தி வைத்த பிறகுதான் தெரியும்.

இதைச் சொல்வதால், தோட்டத்து வாழ்க்கைதான் நிம்மதி என்று பேச வருகிறேன் என்று நினைக்காதே. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதெல்லாம் மரத்துக்குத்தான். அம்மாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இந்த மரங்கள் ஓய்ந்தால் அடுத்த மரங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அந்தக் கால்கள் கடைசிவரை வீங்கியே இருந்தன.

அப்படிப்பட்டவளும் சாயங்காலம் குளித்துவிட்டு, பால் சேர்க்காத கோப்பி ஓ கலக்கிக்கொண்டு வாசற்படியில் உட்காருவாள். குளித்தும் போகாமல் விரலிடுக்கில் ஒட்டிக் கிடக்கும் ரப்பர்ப் பாலை உரித்து உரித்து உருட்டுவாள். அந்த உருண்டைக்கு நீயும் நானும் அடித்துக்கொள்வோம். யார் கூப்பிட்டாலும், "இருங்க, கோப்பி குடிச்சிட்டு வர்றேன்" என்பாள். எழுந்து போய் நான் பார்த்ததில்லை. இப்போது அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை. நாம் இருந்த லயத்து வீடும் இல்லை, படியும் இல்லை. ஆனால் அம்மா நினைப்பு வந்தால் எனக்கு முதலில் தெரிவது, வேலை செய்யும் அம்மா இல்லை, அந்தப் படியில் உட்கார்ந்த அம்மாதான்.

உன் பிள்ளைக்கு எந்த அப்பா ஞாபகத்தில் நிற்பான்?

கார்க் கடன் ஒன்பது வருடம் என்று எனக்குத் தெரியும். ஓட்டத்தையே விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா மரத்துக்குக் கொடுத்ததை நீ உனக்குக் கொடு. திங்கள், புதன், வெள்ளி ஓட்டு. மற்ற ராத்திரிகளில் போனை அணைத்துவிட்டுப் பாப்பாவோடு சாப்பிடு. குறைகிற பணத்துக்கு அவளுடைய டியூஷன் காசை நான் அனுப்புகிறேன். தங்கைக்குச் செய்தால் வாங்கிக்கொண்டிருப்பாள், நீதான் ரோஷம் பார்ப்பாய். இந்த ஒரு தடவை பார்க்காதே.

அடுத்த ஞாயிறு காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் வா. பாப்பாவைக் கூட்டி வா. வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வரலாம், ஜன்னல் பக்கம் அவளுக்குக் கொடுத்துவிடு. ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

உன் அக்கா