வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: புரட்சி, வன்முறை, ஜனநாயகம்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, ஆண்டு முழுவதும் ஒரே பொருளைத்தான் பேசினோம்: அரசியல் புரட்சி, அதில் வன்முறையின் பங்கு, அதற்குப் பிறகு ஜனநாயகம் வருகிறதா இல்லையா. மே மாதக் கூட்டம் நடக்கவில்லை. நம் மாடி அறையும் வேலூர் வெயிலும் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

முதல் இரண்டு கூட்டங்கள் பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் போயின. 1789இல் மனித உரிமைகளை அறிவித்த நாட்டில், 1793–94இல் மரண தண்டனை பெற்று மாண்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். 1804இல் நெப்போலியன் பேரரசராக முடிசூடினார். ரஷ்யாவில் 1917 கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை, 1918 ஜனவரியில் ஒரே ஒரு முறை கூடியது, அதோடு கலைக்கப்பட்டது. இதெல்லாம் பலருக்குப் படித்த சங்கதி என்பதால் பேச்சில் சூடு இல்லை.

ஜூலையில், 1806 சிப்பாய் எழுச்சி நடந்த நம் வேலூர்க் கோட்டைக்குப் போனபோதுதான் சூடு பிடித்தது. மக்கான் பகுதியில் அந்தச் சிப்பாய்களுக்கான நினைவுத்தூணில் வணங்கிவிட்டு உள்ளே நடந்தோம். ஆற்காட்டு உறுப்பினர் மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். 1806இல் அந்த ஊரிலிருந்து எழுச்சியை அடக்க ஆங்கிலத் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்தது, இந்த முறை பேடா வந்தது, பரவாயில்லை.

கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கு நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். வெள்ளையர்கள் நூற்றுக்கும் மேல் செத்தார்கள், அதில் தூக்கத்திலும் மருத்துவமனைப் படுக்கையிலும் இருந்தவர்களும் உண்டு. திப்புவின் புலிக்கொடி ஏறியது. அப்புறம்? பலர் கொள்ளையடிக்கப் போய்விட்டார்கள். பிடித்த கோட்டையைக் காக்க ஏற்பாடு எதுவும் இல்லை. அன்றே கில்லஸ்பி படை கோட்டையை மீட்டது. கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் காவலில் இருந்த அரண்மனையில் இருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஆனால் அந்தத் தலைப்பாகை உத்தரவு ரத்தானது, ஆளுநர் பெண்டிங்க் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார். கேட்டது கிடைத்தது, கேட்டவர்கள் உயிரோடு இல்லை. கோட்டை இன்னும் 141 ஆண்டுகள் வெள்ளையரிடமே இருந்தது.

அகழி ஓரம் உட்கார்ந்து பேசும்போது, தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பேரணாம்பட்டுப் பெரியவர் கேட்டார்: “கேட்டா குடுக்கிறவன் எதுக்குய்யா பறிச்சு வச்சிருக்கான்?” கல்லூரி மாணவி ஒருவர் உடனே, “சரிங்க ஐயா, நீங்க பறிச்சதை யார் கையில குடுப்பீங்க? நாளைக்கு அவங்க திருப்பிக் குடுப்பாங்களா?” என்றார். ஆண்டு முழுக்க நாங்கள் பேசியது இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

ஆகஸ்டில் ஓர் உறுப்பினர் செனொவெத், ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்களின் கணக்கை விளக்கினார். 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களில், ஆயுதம் எடுக்காதவற்றில் பாதிக்கு மேல் வென்றன, ஆயுதம் எடுத்தவற்றில் நாலில் ஒரு பங்குதான். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. “சுடமாட்டான்னு தெரிஞ்ச இடத்துல சும்மா உட்காரலாம்” என்றார். அதையும் சுலபமாகத் தள்ள முடியாது.

இலங்கை பற்றிய கூட்டத்துக்குத்தான் கூட்டம் அதிகம். 1971இலும் 1987–89இலும் ஆயுதமெடுத்து இரண்டு முறையும் ரத்தத்தில் ஒடுக்கப்பட்ட ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சி, 2024இல் வாக்குச்சீட்டு வழியே அதிபர் பதவியைப் பிடித்தது. அதற்கு வழி திறந்தது 2022 ஜூலையில் அதிபர் மாளிகைக்குள் நுழைந்த வெறுங்கை மக்கள். தமிழர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ராஜாஜி 1922 ஜனவரியில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விடுதலை வந்ததும் தேர்தலும் அதன் ஊழலும் பணத்தின் ஆதிக்கமும் மக்களை வாட்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். 2019இல் அதே வேலூர்த் தொகுதியின் மக்களவைத் தேர்தல், கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் நிறுத்தப்பட்டு ஆகஸ்டில் நடந்தது. கூட்டத்தில் சிரித்தோம். அவரவர் தெருவில் கவர் வந்த கதை பேச ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

ஒரு குறை சொல்ல வேண்டும். 1980இல் திருப்பத்தூர்ப் பக்கம் நக்சல்பாரிகள் மீது நடந்த காவல்துறை நடவடிக்கை, என்கவுன்டர் சாவுகள், குண்டுவெடிப்பில் இறந்த காவலர்கள் ஆகியவற்றை நவம்பரில் பேசுவதாக இருந்தது. ‘வம்பு வேண்டாம்’ என்று சிலர் சொன்னதால் தள்ளிப்போட்டோம். பாரிஸில் தலை வெட்டிய கில்லட்டினைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நாம், பக்கத்து ஊரில் இரண்டு தரப்பிலும் விழுந்த பிணங்களைப் பேசத் தயங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசாங்கம் சுட்டாலும் அது வன்முறைதான். வரும் ஆண்டின் முதல் கூட்டத்துக்கு அதையே பொருளாக முன்மொழிகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம், அதையும் விவாதிப்போம்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கட்டிவிடவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்