தேர்தல் மோசடிக் கதையில் காணாமல் போன முகவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் தொலைக்காட்சி ஒன்றின் குற்றப் புலனாய்வுத் தொடரில் சென்ற வாரம் ஒளிபரப்பான தேர்தல் மோசடிக் கதையைப் பற்றிக் காரைக்குடியில் இன்னும் பேச்சு ஓயவில்லை. வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே வேனில் உட்கார்ந்துகொண்டு, மடிக்கணினியைத் தட்டியே ஓர் இளைஞன் வாக்குகளை மாற்றிவிடுகிறான். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வேன் காட்சியைத்தான் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்த எனக்கோ, கதை முழுக்க ஒரு பூத் ஏஜெண்ட்கூட, அதாவது வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடியில் உட்காரும் முகவர்கூட, தென்படாததுதான் உறுத்தியது. எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ஆச்சி, "ஏஜெண்டெல்லாம் ஒண்ணாச் சாப்பிடப் போயிட்டாகளோ?" என்று கேட்டார்கள். தொடரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுவே சிறந்தது.

காலை 7 மணி வாக்குப்பதிவுக்கு 5.30 மணிக்கே முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்குகிறது. குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து, எண்ணிக் காட்டி, அழித்து, அதன்பின் இயந்திரத்தை முத்திரையிட்டு, முத்திரைத் தாளில் அவர்களிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். மாலையில் மொத்த வாக்குகளைக் குறித்த 17-சி படிவத்தின் நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்தாக வேண்டும். மொத்த எண்ணிக்கையில் கைவைக்காமல் ஒருவர் வாக்கை இன்னொருவருக்கு மாற்றினால் இந்தப் படிவம் காட்டிக்கொடுக்காது என்பது உண்மைதான். அதற்காகவே, யாருக்கு வாக்களித்தோம் என்பதை அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு வந்தது, சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளில் அது எண்ணப்படுகிறது. அந்த ஐந்தைக் கூடுதலாக்க வேண்டும் என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முழு எண்ணிக்கையை மறுத்தபோதும், ஐயம் எழுப்பும் வேட்பாளர்களுக்காக 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்க வழிசெய்தது. இவை எதையும் தொடவில்லை, தொடரை எழுதியவர்கள்.

முகவர்களின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு முடிந்து சரிபார்த்தபோது, பதிவேட்டில் இருந்த கையெழுத்துகளைவிட இயந்திரத்தில் ஒரு வாக்கு குறைந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. எதிரெதிர்க் கட்சிக்காரர்களான மூன்று முகவர்கள் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, பதிவேட்டை விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார்கள். உச்சிவேளையில் வந்த ஓர் ஆச்சி, விரலில் மை வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, பொத்தானை அழுத்தாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்! கூட்ட நெரிசலில் நானும் அதைக் கவனிக்கவில்லை. என் தவறாக நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். ஒரு வாக்கு குறைந்ததற்கே இந்தப் பாடு.

மோசடிக்கு உண்மையில் இடம் தருவது வாக்காளர் பட்டியல். எங்கள் பக்கத்தில் வளவும் முகப்புமாக நிற்கும் வீடுகள் பல, கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கின்றன. குடும்பங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெயர்கள் மட்டும் இங்கே தங்கிவிடுகின்றன. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது படிவத்தோடு வந்தவர்கள் பூட்டிய கதவுகளின் முன் நின்றதைப் பார்த்தேன். இப்படிப்பட்ட பெயர்களில் வேறு யாராவது வந்து வாக்களித்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர், அந்த வீட்டை அறிந்த உள்ளூர் முகவர்தான். கணினி நிபுணர் அல்லர்.

இந்த ஆள்மாறாட்டத்தை அந்தத் தொலைக்காட்சித் தொடரும் ஓரிடத்தில் தொட்டது. வாக்களிக்க வரும் பெரியவரிடம், உங்கள் ஓட்டு போட்டாயிற்று என்று அலுவலர் கைவிரிக்க, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் திரும்பிப் போகிறார். நல்ல நடிப்பு. ஆனால் நடைமுறையில், அடையாளத்தை உறுதிசெய்தபின், 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-பி (49P) பிரிவின்படி அவருக்குக் காகித வாக்குச்சீட்டு தரப்பட வேண்டும். அந்த ஆய்வுக்குரிய வாக்கு உறையிலிட்டு வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால்தான் அதற்கு உயிர். பெரியவர் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்த எத்தனை பேர், இதுதான் முறைபோலும் என்று நினைத்திருப்பார்களோ!

காகிதத்தில் விறுவிறுப்பு இல்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகளோ 203. அந்த அஞ்சல் வாக்குகளுக்கு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்டது செல்லுமா என்பதே கேள்வி. அவற்றை எண்ண உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட, எண்ணி முடித்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தலைமை ஆசிரியராக இருந்தவன் என்பதால் எனக்கு இதில் கூடுதல் சுவை இருக்கலாம். ஆனாலும் அந்த வேனைவிட இது பரபரப்பான கதை.

அடுத்த வாரம் இரண்டாம் பாகம் வருவதாக முன்னோட்டம் காட்டினார்கள். அந்தப் பெரியவரே நீதிமன்றம் போகலாம். தேர்தல் மனு தாக்கல் செய்யும் உரிமை வாக்காளருக்கும் உண்டு. முடிவு வந்த 45 நாட்களுக்குள் அவர் போக வேண்டும், கதைப்படி ஒரு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
காரைக்குடி.