மரப்பட்டையும் அடையாள அட்டையும்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். எனக்கு இனிப்பு நீர் கொஞ்சம் கூடிவிட்டது. தேத்தண்ணியில் சீனி விழுகிறதா என்று மகள் காவல் இருக்கிறாள். நாம் ஓடித் திரிந்த தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரப்பர் பால்மரம் பார்க்க வேண்டுமானால் தேடிப் போக வேண்டும். சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன்.

சொல் கலவாத அறிவு உலகில் இல்லை என்ற பழைய சமஸ்கிருத இலக்கண அறிஞர் பர்த்ருஹரியைப் பிடித்துக்கொண்டாய். அவர் சொல்லையே பரம்பொருளாக்கி, உலகம் அதிலிருந்து விரிந்தது என்றார். நீயும் அவர் பின்னாலேயே போய், சொல்லுக்கு வெளியே எதுவுமே இல்லை என்கிறாய்.

நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன். அம்மா பால்மரம் வெட்டியதை நீயும் பார்த்திருக்கிறாய். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து ஓர் இழுப்பு. பட்டை சுருள் சுருளாக விழும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்தே ஏறுகின்றன, இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு இந்த விளக்கம் தெரியாது. பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் போல விட்டுக் கத்தி நிற்க வேண்டும் என்று அளந்து சொல்லவும் தெரியாது. அக்காவைப் பழக்கும்போது, "கை சொல்லும், கேளு" என்பார். அவ்வளவுதான் பாடம்.

கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். அந்த இடத்தில் திரும்ப வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் என்ன சமாதானம் சொன்னாலும் பட்டை மாறப்போவதில்லை. நம் பேச்சை மதிக்காத இந்தப் பிடிவாதத்தைத்தான் நான் மெய் என்கிறேன்.

நம் ஆட்களும் இதைச் சும்மா விடவில்லை. மணிமேகலையில், அறியும் வழிகளை ஆராயும் அளவைவாதி அறிவுக்கு வழி பத்து என்று அடுக்குகிறான். அதே காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள், நேரில் காணும் காட்சியும் அதிலிருந்து ஊகிக்கும் கருதலும் போதும் என்கிறார். சைவ சித்தாந்திகள், நம்பத் தகுந்தவர் சொல்லான உரையையும் சேர்த்து மூன்றாக்கினார்கள். அறவணர் கொஞ்சம் கறார்தான். என் பிறந்த நாளே பிறர் சொல்லித்தானே எனக்குத் தெரியும்! ஆனால் இந்தப் பட்டியலில் அம்மாவின் கையை எங்கே உட்கார வைப்பது? வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி, சொல்ல முடிவதைவிட நமக்கு அதிகம் தெரியும் என்று 1966இல் எழுதினார். எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

அதற்காக உன்னை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. என் பெரியம்மாவை நினைத்துப் பார். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே உழைத்து, சாகும்வரை குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார். பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லவும் தோட்டத்தில் ஆளில்லை. தேர்தலன்று நாங்கள் ஓட்டுப் போடக் கிளம்புவோம்; அவர் வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். குடியுரிமை பெற்ற நீல அட்டைக்காரருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அது முழுக்க எழுத்து. ஆனாலும் மரக்கட்டையைவிடக் கெட்டி. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை என்று சொல்ல அக்கம்பக்கத்துக் கிழவிகள் தயாராக இருந்தார்கள். அலுவலகத்தில் அந்த உரை செல்லவில்லை. முத்திரை குத்திய உரைதான் அங்கே உரை.

ஜான் சியர்ல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1995இல் இதைப் பிரித்துக் காட்டினார்: பணம், திருமணம், குடியுரிமையெல்லாம் மனிதர்கள் ஒப்புக்கொள்வதால் நிற்பவை, மலை யார் ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை. ஆகவே உன் கொள்கை அட்டைக்குப் பொருந்தும், பட்டைக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் நமக்குத்தான் நட்டம். மரம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அட்டையும் என்று ஒருவன் சொல்லிவிட்டால், எழுதியவனே மாற்றி எழுதலாமே என்று கேட்க நமக்கு வாய் இருக்காது.

ஒன்றுதான் பிடிபடவில்லை. எண்கள் எந்தப் பக்கம்? கிராணி பால் எடையைக் குறைத்து எழுதலாம். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதை அவராலும் மாற்ற முடியாது. அப்படியானால் பட்டையின் பக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஏழு என்ற பொருளை எங்கே தொட்டுப் பார்ப்பது? உன் மகள் கணிதம்தானே சொல்லிக்கொடுக்கிறாள், அவளைக் கேட்டு எழுது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வந்தால், இரவு இங்கே தங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

உன் பழைய வகுப்புத் தோழன்