மணி ஓயும் வரை பொறுங்கள்: இசைச் செயலி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசைச் செயலி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். புதிய அப்டேட் வந்ததிலிருந்து 'கிராஸ்ஃபேட்' தானாகவே ஓடுகிறது. அணைத்து வைத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான். ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையை ஒட்டும் அந்த வசதி கல்யாண வரவேற்புக்குப் பொருத்தமே. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1977-இல், மறைந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக எழுதிய 'கான்டஸ்'ஸுக்கு அது கத்தரிக்கோல்.

அந்தப் படைப்பில் இருப்பது தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும்தான். எல்லாரும் வாசிப்பது ஏ மைனர் அவரோகணம். நம் கணக்கில் நடபைரவி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் கூட்டிக்கொண்டு இறங்குவார்கள். முதல் வயலினின் வேகத்தில் பாதி இரண்டாம் வயலினுக்கு, அதில் பாதி வயோலாவுக்கு. செல்லோவைத் தாண்டி டபுள் பாஸுக்கு வரும்போது 16-இல் ஒரு பங்கு. கடைசியில் எல்லாரும் ஏ மைனர் கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டில்) வந்து நின்று, முழு பலத்தோடு இழுத்துப் பிடிக்கிறார்கள். அந்த இரைச்சலுக்குள் மணி மிக மென்மையாக ஒருமுறை தட்டப்படுகிறது. தட்டியது யார் காதிலும் விழாது, விழக் கூடாது என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார். வில்கள் சட்டென்று நிற்கும்போது மணியின் நாதம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்குள்ளிருந்து சி ஷார்ப், ஏ-வை ச என்று வைத்தால் அந்தர காந்தாரம், மெல்ல மேலே வருகிறது. சுருதி சேர்ந்த தம்பூராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்குமே, அதே சங்கதி. அதுவரை சாதாரண காந்தாரத்திலேயே அழுதுகொண்டிருந்த இசைக்கு அந்த ஒரு சுரம்தான் ஆறுதல்.

சரியாக அந்த இடத்தில் உங்கள் செயலி வேலையைக் காட்டுகிறது. 12 விநாடி வரை நீட்டக்கூடிய கிராஸ்ஃபேட், முடிவைத் தேய்த்துக்கொண்டே அடுத்ததை ஏற்றுகிறது. தேய்வது மணி, ஏறுவது எவருடைய டிரம்ஸோ. இலவசக் கணக்கு என்றால் சமையல் எண்ணெய் விளம்பரம். கோப்பு முடியும் வரை தொடாதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அதே பேர்ட்டின் 'டாபுலா ராசா'வில் கதி இன்னும் மோசம். அதன் இரண்டாம் பகுதி டபுள் பாஸில் ரி வரை இறங்கி, ச-வை வாசிக்காமலே நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வருவது எழுதப்பட்ட மௌனம். அந்த ச-வைக் கேட்பவர் மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாமென்று நீங்களே அடுத்த பாட்டைப் போட்டு முடித்து வைக்கிறீர்கள். நன்றி!

ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. சராசரி ஒலியை -14 எல்யூஎஃப்எஸ்-ஸுக்கு (காது உணரும் ஒலி அளவின் அலகு) கொண்டுவருவது சினிமாப் பாட்டுக்குச் சரி. ஒலி குறைந்த ஆர்கெஸ்ட்ராப் பதிவை அந்த அளவுக்கு ஏற்றினால் உச்சங்கள் வரம்பை மீறும். மீறாமலிருக்க, உச்சத்துக்கு வரம்பு கட்டும் லிமிட்டர் அவற்றை அமுக்கும். மிக மெல்லிய மணியில் தொடங்கிப் பேரொலி வரை வளரும் 'கான்டஸ்' ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே அளக்காமல், ஆல்பம் முழுவதற்கும் ஒலியை ஒரே அளவில் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள், லிமிட்டர் வேண்டாம்.

இவ்வளவுக்கும் திரையில் 'இந்தப் பாடலுக்கு வரிகள் இல்லை' என்று வருத்தம் வேறு தெரிவிக்கிறீர்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. இரங்கல் இசையை 'ஆழ்ந்த உறக்கம்' பட்டியலில் சேர்த்த புண்ணியவானையும் ஒருமுறை பார்க்க ஆசை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறோம். கிளாசிக்கல் என்று நீங்களே வகைப்படுத்திய ஆல்பங்களுக்குக் கிராஸ்ஃபேட் தானாக அணைந்திருக்கட்டும். ஆல்பம் முடிந்ததும் வேறு பாட்டைத் தானாகப் போடும் ஆட்டோபிளே வேண்டாம்; விளம்பரம் தவிர்க்க முடியாதென்றால் 10 விநாடி கழித்து வரட்டும். இடைவெளியின்றி ஓட வேண்டிய பகுதிகளுக்கு நடுவே வெட்டு விழாமல் பாருங்கள். அதுவரை நேயர்கள் கிராஸ்ஃபேட், ஆட்டோபிளே, ஒலிச் சமன் மூன்றையும் செட்டிங்ஸில் போய்க் கையால் அணைத்து, உயர் தரத்தில் தரவிறக்கிக் கேட்பதைத் தவிர வழியில்லை. டேட்டா மிச்சம் பிடிக்கும் தரத்தில் மணியின் வால் கரகரக்கும்.

அடுத்த அப்டேட்டில் இந்த அமைப்புகளை மறுபடி பழைய நிலைக்குத் திருப்பிவிடாமல், கோப்பைக் கடைசி விநாடி வரை ஓடவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் நேயர்கள்