'க்ளம்ஸி' என்ற சொல் குறித்து மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

உன் மகனின் பள்ளி அறிக்கையில் அவனை 'க்ளம்ஸி', அதாவது கைகால் அசைவில் தடுமாறுபவன், என்று எழுதியிருந்தது உன்னை வருத்தியதை அறிந்தேன். பணிக்காலம் முழுவதும் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், அச்சொல்லைப் பற்றி உனக்கு எழுத விரும்புகிறேன்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய அச்சொல், குளிரில் கை விறைத்து மரத்துப்போவதைக் குறித்த பழைய வினைச்சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. விரல் மரத்தவன் பொருளை நழுவவிடுவது அவனுடைய குணமன்று, உடலின் அப்போதைய நிலையே. இன்று கையாள வசதியற்ற கருவியையும், நயமின்றிக் கேட்ட மன்னிப்பையும், சீர்படாத வாக்கியத்தையும்கூட அதே சொல்லால் சுட்டுகிறார்கள். 'ஆக்வர்ட்' என்பதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. சங்கடமான மௌனத்தை 'ஆக்வர்ட்' எனலாமேயன்றி 'க்ளம்ஸி' எனல் ஆகாது. பென்சிலைப் பிடிக்கும் விதத்தை 'க்ளம்ஸி' என்றிருந்தால் எனக்கு மறுப்பில்லை. பிள்ளையையே அப்படி அழைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் 'க்ளம்ஸி சைல்டு சிண்ட்ரோம்' என்றே கூறிவந்தனர். 1994இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள், உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கும் திறன் வளர்வதில் உள்ள குறைபாடு எனப் பொருள்படும் 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்' என்ற பெயரைப் பொதுவாக ஆள இசைந்தனர். நீ வாழும் இங்கிலாந்தில் இதையே 'டிஸ்ப்ராக்ஸியா' என்றால் பலருக்கும் புரியும். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அறிவுக்கூர்மைக் குறைவால் வருவதன்று. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதால்தான், எட்டாம் மாதத்தில் பிறந்த நம் பையனைப் பற்றி இவ்வளவும் எழுதுகிறேன்.

அவனுக்கு இது இருக்கிறது என்று நான் முடிவுகட்டவில்லை. ஐந்து வயதுக்கு முன் இதை உறுதிசெய்வது அரிது. அவனுக்கு இப்போது ஆறு நிறைந்துவிட்டதால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லி, அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பும்படி கேள். பொத்தான் போடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, பந்தைப் பிடிப்பது ஆகியவற்றில் எது எப்போது தடைப்படுகிறது என்று குறித்து எடுத்துச் செல். ஆசிரியையிடமும் கோபமின்றிப் பேசி, எந்தச் செயலில் அவன் திணறுகிறான் என்பதை மட்டும் இனி எழுதுமாறு வேண்டிக்கொள். காலையில் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் நீயோ மாப்பிள்ளையோ அச்சொல்லை அவன் காதுபடச் சொல்லிவிட வேண்டாம்.

மருத்துவர் கூறியதை உடனே எழுது.

அன்புடன்,
அப்பா