ஃபோம் கவசமும் தையற்கலையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், அறிவியல் புனைகதைப் பாத்திரங்களைப் போல வேடமணிவதற்காக நம் பிள்ளைகள் வீட்டிலேயே ஃபோம் கவசம் செய்வதைக் கண்டித்து அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். காசைக் கரியாக்கும் வேலை, படிப்பைக் கெடுக்கும் பழக்கம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத கோலம் என்று அவர் வரிசையாகக் குறை சொல்லியிருந்தார். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அரசாங்கத் தாள்களில் எழுதப்படும் எங்கள் தோட்டப்புறப் பட்டணத்தில், நெடுங்காலமாகத் தையற்கடை நடத்தி வருகிறேன். என் தங்கை மகனும் அவன் நண்பர்களும் என் கடையின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வதை அருகிருந்து பார்த்தும், அவ்வப்போது கை கொடுத்தும் வருகிறேன். இது முழுக்க முழுக்கத் தையல் வேலை என்பதும், இதில் உண்மையாகவே அஞ்ச வேண்டிய ஓர் ஆபத்து அந்த அன்பரின் கண்ணுக்குப் படவே இல்லை என்பதும் என் கருத்து.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் தவழும் அறையில் பல்லோடு பல் கோத்து விரிக்கிறோமே, அந்தப் பசில் பாய்தான் பெரும்பாலான கவசங்களுக்கு மூலப்பொருள். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பொருளில் செய்யப்பட்ட இந்த ஃபோம், வழக்கமாக 60 சென்டிமீட்டர் சதுரத்தில், 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிப்பில் கிடைக்கிறது. நாம் காலில் போடும் செருப்பின் அடிப்பாகமும் பல நேரங்களில் இதே இனம்தான். உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பதால் இது தண்ணீரைக் குடிப்பதில்லை, எடையும் மிகக் குறைவு. நுணுக்க வேலைக்கு 2, 3, 5 மில்லிமீட்டர் அட்டைகள் தனியாக விற்கின்றன. புதிதாகப் பிரித்த பாயில் வாடை அடித்தால் அதைச் சில நாள் வெளியில் காற்றாட விடுவது நல்லது. இந்த ஃபோமை உப்பச் செய்யும் முறையில் ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் உள்ளே தங்கிவிடக்கூடும்; அதனால்தான் 2010இல் பெல்ஜியம் இத்தகைய பாய்களின் விற்பனையைத் தடை செய்தது.

இனி வேலைக்கு வருகிறேன். அணிபவரின் உடம்பில் ஒரு பழைய சட்டையைப் போட்டு, அதன்மேல் சமையலறையில் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கும் மேலே காகித டேப்பை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். மார்பும் தோளும் அச்சாக அமைந்த பிறகு, எங்கெங்கே இணைப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் பேனாவால் கோடு போட்டு, குறுக்கே சிறு அடையாளங்களும் வைத்து, வெட்டிப் பிரித்துத் தட்டையாக விரித்தால் பேப்பர் கட்டிங் தயார். ரவிக்கைக்கு நான் காலமெல்லாம் வெட்டி வந்த தாளுக்கும் இதற்கும் ஒரே இலக்கணம்: நடுக்கோடு, கைக்குழி, தோள் இறக்கம், மார்புக்கு டார்ட். துணியில் டார்ட்டை மடித்துத் தைக்கிறோம். ஃபோமில் அந்த முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டு இரு விளிம்புகளையும் முட்ட வைத்து ஒட்டுகிறோம். தையலுக்கென்று ஓரத்தில் துணி விடும் வழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

தையற்காரர்களையே தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. துணியின் தடிப்பை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 10 மில்லிமீட்டர் ஃபோமை இடுப்பைச் சுற்றி வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கி, வெளிப்பக்கம் இழுபடுகிறது. அதன் நடுப்பகுதி உடம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆகவே முழுச் சுற்றுக்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாக நீளம் வேண்டும். அசைவதற்கான லூஸ் அதற்கும் மேலே தனி. இந்த 3 சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று தங்கை மகன் தன் நண்பனுக்கு என் வெட்டு மேசையில் வட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தான். படிப்பு கெட்டுப் போவதாகச் சொன்ன அன்பர் அதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வட்டத்தின் சுற்றளவை அவனுக்குப் பள்ளியில் ஏற்கெனவே கற்பித்திருந்தார்கள். அதைக் கொண்டு என்ன செய்வது என்பது இந்த மேசையில்தான் அவனுக்குப் பிடிபட்டது.

வெட்டுவதற்குக் கத்தி எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும். ஃபோம் மென்மையாகத் தெரிந்தாலும் கத்தியின் கூர்மையை வெகு விரைவில் தின்றுவிடும். மழுங்கிய கத்தி விளிம்பைப் பிய்த்துவிடும். ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் கத்தி, காகிதம் வெட்டும் வேலைக்காக 1956இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. அது இங்கே அருமையாகப் பயன்படுகிறது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், சாய்ந்தால் இணைப்பில் இடைவெளி விழும். இரு துண்டுகள் சேர்ந்து கூரான மூலையாக வர வேண்டுமானால் இரண்டின் விளிம்புகளையும் 45 பாகை சாய்த்து வெட்ட வேண்டும். வெட்டிய துண்டைச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சீராகச் சுடவைத்தால், மேற்பரப்பு இலேசாக மினுங்கத் தொடங்கும். அந்த மினுமினுப்பைக் கண்டவுடன் கருவியை விலக்கிவிட வேண்டும். அதற்கு மேலும் சுட்டால் சுருங்கிக் கருகிப் புகையும். சூட்டோடு சூடாகக் கவிழ்த்த பானையின் மேலோ, தொடையில் போட்ட தடித்த துணியின் மேலோ அழுத்திப் பிடித்து, ஆறும்வரை விடாமல் இருந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். பாதி ஆழத்துக்குக் கீறிச் சூடு காட்டினால் கீறல் தானே வாய்விரிந்து, உலோகத் தகடுகள் பொருந்திய கோடு போல ஆகிறது. 2 மில்லிமீட்டர் அட்டைக்கு ஹீட் கன்கூடத் தேவையில்லை. மேலே பேக்கிங் தாளை வைத்து என் இஸ்திரிப்பெட்டியாலேயே இளக வைத்திருக்கிறேன்.

நான் அஞ்சுவது பசைக்குத்தான். இந்த வேலைக்கு ஏற்றது செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை. அதன் அடிப்படை நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். 1930இல் அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பால்மரம் சீவிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் செயற்கை ரப்பரைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு, அது இருக்கட்டும். இந்தப் பசையை இரு விளிம்புகளிலும் மெல்லிதாகப் பூசி, கை வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை பொறுத்திருந்து, பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்த கணமே பிடித்துக்கொள்ளும், பிரித்து வைக்க வாய்ப்பில்லை; முன்பே வைத்த குறுக்கு அடையாளங்களின் அருமை அப்போதுதான் புரியும். மழை கொட்டி ஓய்ந்த மாலையில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பசையின் மேல் நீர் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். நம் ஊர் வானிலையில் இந்த வேலையை வெயிலடிக்கும் முற்பகலில் முடித்துக்கொள்வதே உத்தமம்.

அத்தகைய பசைகள் பலவற்றில் தொலுவீன் என்ற கரைப்பான் இருக்கிறது. அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் தலை சுற்றும், வாந்தி வரும். தொடர்ந்து இழுத்தால் நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். சாதாரணத் துணி முகக்கவசமோ தூசிக்கான முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம்தான் தேவை. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைதான் அதை முதலில் சுவாசிக்கிறது. தொலுவீன் 4 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது என்றால், சன்னலைச் சாத்திய மலிவுவிலை வீட்டில், அடுப்பும் சாமி விளக்கும் எரியும் அந்திப் பொழுதில் பசை டின்னைத் திறந்து வைப்பது எத்தகைய செயல் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பசை காய்வதற்கு முன் ஹீட் கன்னை எடுப்பதும் அதே வகையானதே. பசை முகரும் பழக்கம் நம் சமூகத்தில் சில குடும்பங்களைச் சீரழித்திருப்பதால், கடைக்காரர்கள் சிறுவர்களுக்கு அதை விற்கத் தயங்குவதைக் குறை சொல்ல மாட்டேன்; பெரியவர் ஒருவர் உடன் சென்று வாங்கி, பயன்படுத்தும்போதும் உடனிருப்பதே முறை. கையில் காசும் ஆர்வமும் இருக்கும் பிள்ளையைத் திட்டி அறைக்குள் விரட்டினால், அவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் பசை பூசுவான். அன்பரின் கண்டிப்பு தரக்கூடிய விளைவு அதுவே.

பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தெருக்கூத்தில் கட்டை வேடம் கட்டுபவர், கல்யாண முருங்கை போன்ற எடையற்ற மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும் அணிந்துதான் விடிய விடிய ஆடுகிறார். பார்வைக்கு இரும்பும் பொன்னுமாகத் தெரிய வேண்டும், உடம்புக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற அதே சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட விடை அது. தைப்பூசத்துக்குக் காவடி கட்டுபவர்கள் போலிஸ்டைரீன் பலகையை அறுத்து அலங்காரம் செய்வதையும், தோளில் ஏறும் பாரத்தை இடுப்புப் பட்டைக்கு இறக்கிவிடும் வித்தையையும் பார்க்காத மலேசியத் தமிழர் யார்? நெஞ்சுக் கவசத்தின் எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளுக்குக் காவடி கட்டுபவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மேலைநாட்டிலும் இந்தப் பழக்கம் ஊசியும் நூலுமாகத்தான் தொடங்கியது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி எதிர்கால மனிதரின் உடை என்று தாமே தைத்த ஆடைகளைத் தாமும் அணிந்து, உடன் வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் அணிவித்தார். நம் நாட்டில் 2002இல் தொடங்கிய, சித்திரக்கதை ரசிகர்கள் கூடும் காமிக் ஃபியெஸ்டா போன்ற டிசம்பர் விழாக்களுக்காகத்தான் எங்கள் பட்டணத்துப் பிள்ளைகள் இப்போது உழைக்கிறார்கள்.

காசு செலவாகிறது என்பது உண்மை. ஆனால் ஆயத்த வேடத்தை வாங்குவதற்கும் பாயை வாங்கி வெட்டுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கிறது. ஹீட் கன்னும் தரமான முகக்கவசமும்தான் சற்றுச் செலவு வைப்பவை. அவை பலரும் பகிர்ந்துகொள்ளக்கூடியவை. வேடத்துக்கென்று போலித் துப்பாக்கி செய்வதை மட்டும் பெற்றோர் தடுத்துவிடலாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் வழக்குக்கு இடம் தரும்.

முடிக்கும் வேலைகளில் என் அனுபவம் குறைவு. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் இளக்கிப் பல முறை மெல்லிதாகப் பூசி மேற்பரப்பை அடைத்துவிட்டு, கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தின் மேல், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளி வண்ணத்தை உரசினால் பழைய இரும்பின் தோற்றம் வருகிறது. பட்டைகளுக்கு எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் என் கடையிலேயே இருக்கின்றன. கவசத்துக்கு உள்ளே பருத்திச் சட்டை அணிய வேண்டும், தண்ணீர் கையோடு இருக்க வேண்டும். செய்து முடித்ததை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் சென்றால் வளைவுகள் தளர்ந்து, ஒட்டுகளும் விட்டுவிடும்.

எங்கள் வட்டாரத்தில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து மக்கள் அடுக்குவீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, பிள்ளைகள் திறந்த வெளியில் உட்கார்ந்து கைவேலை செய்ய இடமில்லாமல் போயிற்று. தமிழ்ப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடமாக இருந்தும், பள்ளி மணி அடித்த பிறகு அந்தப் பிள்ளைகள் போக இடம் இல்லை. நான்கு பக்கமும் காற்று வரும் பொதுமண்டபங்கள் திருமண நாள் தவிர மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. மண்டப நிர்வாகத்தினர் ஞாயிறு முற்பகல் அவற்றைத் திறந்துவிட்டால், வெட்டு மேசையையும் அளவெடுக்கும் வேலையையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். காவடி கட்டுபவர் ஒருவரும், செருப்புத் தைக்கத் தெரிந்த ஒருவரும், வீட்டில் சும்மா கிடக்கும் ஹீட் கன்னை இரவல் தரக்கூடிய மின்பணியாளர் ஒருவரும் முன்வந்தால் போதும். தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் இதற்கொரு சிறு அறிவிப்புக்கு இடமளித்தால், டிசம்பர் விழாவுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தையற்கடை வாசகி ஒருவர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.