79 என்ற எண்ணோடு நிறுத்தாதீர்கள்

அமெரிக்க மேற்கின் வரலாற்றைத் தமிழில் காணொளிகளாகத் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீதிபதி ஐசக் பார்க்கரைப் பற்றி இன்னொரு காணொளி வந்திருக்கிறது. இதுவும் தூக்குக் கயிற்றில்தான் தொடங்குகிறது. 1875 மே மாதம் பார்க்கர் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித்துக்கு மத்திய அரசின் நீதிபதியாக வந்தார். செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் ஆறு பேருக்குத் தூக்கு. 21 ஆண்டுகளில் 160 மரண தண்டனைகள். தூக்கில் தொங்கியவர்கள் 79. எண்களில் பிழை இல்லை. அவற்றை வைத்து அவரை ரத்தவெறியர் ஆக்குவதுதான் பிழை.

கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் அன்றைய மத்தியச் சட்டம் வைத்திருந்தது ஒரே தண்டனை, மரணம். ஜூரி, அதாவது பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு, 'குற்றவாளி' என்றுவிட்டால் அதைக் குறைக்க நீதிபதிக்கு வழியில்லை. மரண தண்டனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஜூரிக்குக் கிடைத்ததே 1897 ஜனவரியில். பார்க்கர் அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதை யாருமே சொல்வதில்லை. பார்க்கரின் மாவட்ட நீதிமன்றத்துக்கே, அதற்கு மேலே இருக்க வேண்டிய சர்க்யூட் நீதிமன்றத்தின் அதிகாரமும் இருந்தது. அதனால் அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தண்டனை பெற்றவர், பழைய படைவீரர் குடியிருப்பின் அடித்தளத்தில் இருந்த இரண்டு அறைச் சிறையில், விசாரணைக்குக் காத்திருப்பவர்களோடு அடைபட்டுக் கிடப்பார். சாட்சி பொய்யானாலும், ஜூரிக்கு நீதிபதி சொன்ன சட்டம் தவறானாலும் அவருக்கு மிச்சம் குடியரசுத் தலைவரின் கருணை மட்டுமே. மரண தண்டனை வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழி 1889 மே மாதம்தான் திறந்தது. 14 ஆண்டுகள்! தயவுசெய்து அந்த 14 ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

பார்க்கரைக் குற்றமற்றவர் என்று காட்டச் சொல்லவில்லை. வழி திறந்ததும் அவருடைய தீர்ப்புகள் வரிசையாக ரத்தாயின. காரணம், ஜூரிக்கு அவர் ஆற்றிய நீண்ட உரைகள். ஓடி ஒளிந்தவன் குற்றவாளி என்று ஜூரியின் மனம் சாயும்படி பேசுவார். 1896இல் ஆல்பர்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அவமானத்துக்கும் வழக்குச் செலவுக்கும் அஞ்சி நிரபராதியும் விலகி ஓடலாம் என்றது. அவரைக் குறை சொல்ல வேண்டிய இடம் இது. இங்கேதான் நீங்கள் மௌனமாகிவிடுகிறீர்கள்.

அந்த நீதிமன்றத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பிடித்துவந்த துணை மார்ஷல்களையும் துப்பாக்கி வீரர்களாக மட்டுமே காட்டுகிறீர்கள். அவர்களுக்கு நிலையான சம்பளம் கிடையாது. மைலுக்கு 6 சென்ட் போன்ற படிகள்தான். பிடிக்கப்போன ஆளைக் கொல்ல நேர்ந்தால் அந்தக் கூலியும் போய்விடும். பார்க்கரின் அதிகார எல்லைக்குள் இருந்த, அமெரிக்கப் பழங்குடிகள் வாழ்ந்த 'இந்தியப் பிரதேசத்து' (இன்றைய ஓக்லஹோமா பகுதி) மக்களோ உங்கள் காட்சிகளில் பின்னணி மட்டும். செரோக்கி போன்ற பழங்குடி நாடுகளுக்குச் சொந்த நீதிமன்றங்கள் இருந்தன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த பதிப்பில் 79 என்று சொல்லும் அதே மூச்சில், 1889 வரை மேல்முறையீடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வெளியானவற்றின் விளக்கக் குறிப்பில் இந்தத் திருத்தத்தை இன்றே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
சட்ட வரலாறு படிக்கும் ஒருவர்